அஸ்ஸாமிலிருந்து வந்த அடையாற்று உயிர்

அடையாறு கடலில் கலக்கும் இடத்தில், முழங்கால் புதையும் சேற்றில் நின்றுகொண்டு, ஒரு கண்ணாடிக் குப்பியை வெயிலில் தூக்கிக் காட்டிச் சிரித்தாள் என் தோழி. உள்ளே இருந்தது வெறும் கறுப்புச் சேறு. படகு டீசல் கசிந்து மினுமினுத்த இடமாகத் தேடி அள்ளியிருந்தாள். "இதுல எண்ணெயத் தின்னுக்கினு ஏதோ ஒண்ணு உயிரோட கீதுடி" என்றாள். ராயப்பேட்டைக்காரி. கருத்தரங்குகளில் ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டுவாள். சந்தோஷம் வந்தால் தெருப்பேச்சு தானாக வந்துவிடும்.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வகத்தில், நுண்ணுயிர்களைச் சேமித்து வைக்கும் பிரிவில் வேலை பார்த்தோம். ஏரியிலும் வயலிலும் சாக்கடையிலும் கண்டெடுத்த பாக்டீரியாக்களை உறையவைத்து உலர்த்தி, சிறு கண்ணாடிக் குழாய்களில் காற்றுப் புகாமல் மூடி வைப்போம். ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். சத்துநீர் விட்டால் மறுபடி பெருகும். அந்தச் சேற்றிலிருந்து அவள் பிரித்தெடுத்த பாக்டீரியா நிஜமாகவே டீசலைத் தின்றது.

துறைத் தலைவர் அதை வெளியாருக்குக் கொடுக்கவேண்டாம் என்றார். "முதல்ல காப்புரிமை வாங்கிடலாம்மா. தானதர்மம் அப்புறம்." அவள் ஒப்பவில்லை. "ஆத்துலேர்ந்து எடுத்தது சார். ஆறு என்ன நம்மளுதா?" மாதக்கணக்கில் இழுபறி. அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. ஆனாலும் கடைசியில், யார் கேட்டாலும் கொடுக்கும் பொதுச் சேமிப்பில் அதைச் சேர்த்துவிட்டாள். கேட்டு எழுதிய ஆய்வகங்களுக்கெல்லாம் குழாய்களைத் தானே பஞ்சு சுற்றி அனுப்பினாள்.

பிறகு புற்றுநோய் வந்தது. போனில் விசாரித்தால் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள். "என் பசங்க எப்டி கீறானுங்க?" என்பாள். அலமாரியில் தூங்கும் பாக்டீரியாக்களைத்தான் கேட்பாள். ஒரு மார்கழியில் அவள் போய்விட்டாள். எதிர் மேசையில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். அவர் நிமிரும்போதெல்லாம் நான் வேறு முகத்தை எதிர்பார்த்தேன்.

அடுத்த பெருமழையில் ஆறு எங்கள் வளாகத்துக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்தபின் கீழ்த்தளத்துச் சேமிப்பறைக்குள் போனோம். அலமாரிகள் சாய்ந்து, குழாய்கள் நொறுங்கிச் சேற்றோடு கிடந்தன. அவளுடையதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அவள் அனுப்பியிருந்த ஆய்வகங்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டேன். சிலர் பதிலே போடவில்லை. சிலர் அது எப்போதோ செத்துவிட்டது என்றார்கள். அஸ்ஸாமிலிருந்து மட்டும் ஒரு பேராசிரியை, எண்ணெய்க் கிணறுகளை ஒட்டிக் கெட்டுப்போன மண்ணில் அதை இன்னமும் பயன்படுத்திக்கொண்டிருப்பதாக எழுதினார். கூடவே ஒரு பார்சலும் அனுப்பினார்.

அதிலிருந்த குழாயை உடைத்துச் சத்துநீர் விட்டு வளர்ப்புத் தட்டில் பரப்பினேன். மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த நாள் காலையில், வெளிர் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அவளிடம் சொல்லவேண்டும் என்று என்னை அறியாமல் போனை எடுத்து அவள் பெயரை அழுத்திவிட்டேன். அந்த எண்ணை இப்போது அவள் மகள் வைத்திருக்கிறாள் என்பது, "சொல்லுங்க ஆன்ட்டி" என்ற குரல் கேட்டபிறகுதான் நினைவுக்கு வந்தது.

திருவான்மியூரில் வங்கி வேலையில் இருப்பவள், அன்றே அரைநாள் விடுப்புப் போட்டு வந்தாள். ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துக் கொடுத்தேன். குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"நாங்க போன் பண்ணி சாப்பிடக் கூப்பிட்டா 'தோ வரேன்'னு சொல்லிட்டு அம்மா பாத்துக்கினு இருந்தது இதத்தானா, ஆன்ட்டி?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் கண்ணை எடுக்கவில்லை. நான் நாற்காலியை அவளுக்குப் பின்னால் நகர்த்திப் போட்டேன்.