படத்துக்கு மட்டும் ஈரம்

எங்கள் அலுவலகத்தில் எதற்கும் படம் வேண்டும். கழிவறையைக் கழுவினால் படம், குப்பையை எடுத்தால் படம், செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் படம். செடி பிழைத்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். காலை ஒன்பதரைக்குள் ஈரத் தொட்டியின் படம் செயலியில் ஏறியதா என்பதுதான் கேள்வி. இந்த விதியைக் கண்டுபிடித்த புண்ணியவான் தன் வாழ்நாளில் ஒரு துளசியாவது வளர்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

அந்தப் படங்களை எடுத்தவர் தனக்கோடி அக்கா. ஹவுஸ்கீப்பிங் வேலை, ஏஜென்சி ஆள். மர்பி டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஏழரை மணிக்கெல்லாம் எங்கள் தளத்தில் மாப்புடன் நிற்பார். கணவர் முனியப்பன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகள் வீணா, புருஷன் சரியில்லாமல், இரண்டு பிள்ளைகளோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். நான்கு வயிறும் இவர் ஒருவர் சம்பளத்தை நம்பித்தான். அக்காவுக்கு வயது ஐம்பத்தேழு. ஐம்பது தாண்டியவர்களை எந்த ஏஜென்சியும் புதிதாக எடுப்பதில்லை. இந்த வேலை போனால் அடுத்த வேலை கிடையாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

வரவேற்பறையில் பன்னிரண்டு ஆர்க்கிட் தொட்டிகள். வெளியே வெள்ளைப் பீங்கான், உள்ளே வேர் தெரிகிற பிளாஸ்டிக் தொட்டி, அதில் மண்ணுக்குப் பதில் மரப்பட்டையும் கரித்துண்டும். விதிப்படி தினமும் ஊற்றியதில் இரண்டே மாதத்தில் உள்தொட்டி முழுக்கப் பச்சைப் பாசி. பட்டை மேல் வழவழவென்று ஒரு படலம். இரண்டு செடிகள் இலை மஞ்சளாகிச் செத்தன. மூன்றாவது செத்தால் ஆளை மாற்றிவிடுவோம் என்றான் ஏஜென்சி சூப்பர்வைசர் நரேஷ். அவனும் மர்பி டவுன்காரன்தான். ஆனால் அவனுக்கு மேலேயும் ஒருவன் இருக்கிறான்.

ஒரு காலை காபி எடுக்கப் பேன்ட்ரிக்குப் போனேன். அக்கா மூன்றாவது செடியைத் தொட்டியிலிருந்து பிடுங்கிப் பாத்திரம் கழுவும் மேடையில் கிடத்தியிருந்தார். வேர்கள் பழுப்பாகக் குழைந்திருந்தன. சாக்கடை நாற்றம்.

“அந்தப் பாசியத் தேய்ச்சு எடுத்துட்டா சரியாயிடாதாக்கா?” என்று கேட்டேன்.

“பாசி இன்னா சார் பண்ணுச்சு? தண்ணி ஜாஸ்தி ஆச்சு, அது வந்து குந்திக்கிச்சு. ஈரம் காயவே உடலன்னா வேருக்கு மூச்சு முட்டுது. நரேஷாண்ட சொன்னேன். ‘போட்டோல ஈரம் தெரியணும்மா, நான் இன்னா பண்றது’ன்றான்.”

அழுகிய வேரையெல்லாம் கத்தரியால் வெட்டினார். மிச்சமிருந்தவை மூன்றே மூன்று வேர்கள். பட்டையைக் கழுவிக் காயவைத்து, செடியை மறுபடி நட்டு, பேன்ட்ரி ஜன்னலோரம் தண்ணீரே காட்டாமல் வைத்தார். படத்தில் எண்ணிக்கை குறையக் கூடாதே என்று, அதன் இடத்தில் செத்த செடியின் தொட்டி ஒன்று வரவேற்பறையில் போய் உட்கார்ந்தது. பன்னிரண்டாம் நாள் புது வேர் ஒன்று பச்சை நுனியோடு எட்டிப் பார்த்தது. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு எல்லாத் தொட்டிகளுக்கும் அதே வைத்தியம். பழைய பல்துலக்கியால் பாசியைத் தேய்த்துக் கழுவினார். வாரத்துக்கு ஒருமுறை நன்றாக ஊற்றி, முழுக்க வடியவிட்டார். மற்ற நாட்களில் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பீங்கானிலும் இலையிலும் மட்டும் அடிப்பார். படம் எடுப்பார். உடனே துணியால் துடைத்துவிடுவார்.

“போட்டோக்கு ஈரம் வோணும், செடிக்கு வோணாம். ரெண்டு பேரும் சந்தோசமா இருக்கட்டும், இன்னா சார்?” என்று சிரித்தார்.

நான்கு மாதத்தில் பத்துச் செடியும் தேறின. மூன்று பூத்தன. ஆட்கள் அவற்றின் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ரகசியம் எனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அக்கா சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு அறிவாவது இருக்குமென்று நம்பியிருப்பார்.

எங்கள் கம்பெனியில் வெள்ளிக்கிழமைதோறும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ள ஒரு சாட் குழு இருக்கிறது. பெரும்பாலும் முதுகு சொறிதல்தான். இந்த முறை உண்மையான உழைப்பாளியைப் பற்றி எழுதுவோம் என்று எனக்கு வீராப்பு வந்தது. தனக்கோடி அக்காவின் பெயரைப் போட்டு, பாசி, அழுகல், ஸ்பிரே பாட்டில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒன்பது வரியில் எழுதினேன். விதியைவிடச் செடியை அறிந்தவர் என்று முடித்தேன். நூற்று நாற்பத்து மூன்று பேர் இதயக்குறி போட்டார்கள். அதை நான் இரண்டு மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை மாப்புடன் வேறொரு பெண் நின்றாள்.

கட்டடப் பராமரிப்புக்குப் பொறுப்பான வெங்கடசுப்ரமணியனிடம் ஓடினேன். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர்.

“செடி மேட்டரே இல்ல ரகு. செத்தா வேற வாங்கிக்கலாம். நாலு மாச ரெக்கார்ட் பொய்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ டாய்லெட் போட்டோ மட்டும் உண்மைன்னு ஆடிட்ல நான் எப்படிச் சொல்றது?”

“அவங்க செடியக் காப்பாத்தத்தான் சார் அப்படிப் பண்ணாங்க.”

“தெரியும். நானும் ஹார்ட் போட்டேனே,” என்றார்.

புதிய பெண் விதிப்படி தினமும் ஊற்றினாள். படங்கள் நேரம் தவறாமல் ஏறின. தீபாவளிக்குள் பத்துச் செடியும் அழுகிவிட்டன. இப்போது அங்கே இருப்பது பிளாஸ்டிக் ஆர்க்கிட்.

தீபாவளி கழிந்தும் மூன்று ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போட்டுவிட்டு, நான்காவது ஞாயிறு மர்பி டவுன் போனேன். என்னைக் கண்டதும் வீணா உள்ளே போய்விட்டாள். அக்கா நாற்காலி போட்டு டீ கொடுத்தார். ஆறு ஏஜென்சிக்குப் போயிருக்கிறார். ஆதாரில் வயதைப் பார்த்ததும் எல்லாரும் கையை விரித்திருக்கிறார்கள். முகூர்த்த நாட்களில் மட்டும் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாராம். மார்கழியில் முகூர்த்தம் இல்லை.

“என்னாலதான்க்கா. மன்னிச்சிடுங்க,” என்றேன்.

அவர் என் காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, “நீங்க எழுதுனத நரேஷ் தமிழ்ல சொல்லிக் காட்டுனான் சார். ரொம்ப நல்லா எழுதினீங்க. என்னைப் பத்தி யாருமே அப்டிச் சொன்னதில்ல,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

“ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சிக்காதீங்க. இனிமே எங்களை மாதிரி ஆளுங்களைப் பத்தி நல்லதா எழுதணும்னு தோணுச்சுன்னா, பேர மட்டும் போடாதீங்க சார்.”

தனக்கோடி என்பது அவருடைய பெயர் இல்லை.