கே இல்லாத பிளாக்

நெய்வேலி நகரியத்தில் பிளாக் என்றால் என்ன என்று கேட்பவர் கிடையாது. பிறந்த பிளாக், படித்த பிளாக், பெண் எடுத்த பிளாக் என்று வாழ்க்கையே நம்பரில் ஓடும். அந்தச் சொல்லில்தான் நான் வழுக்கி விழுந்தேன். கூட இன்னொருவரையும் இழுத்துக்கொண்டு விழுந்ததால் இதை முழுச் சிரிப்பாக எழுத முடியவில்லை.

அப்போது சாலையோரச் செடிகளை வெட்டிவிடும் கான்ட்ராக்ட் கேங்கில் இருந்தேன். வேலையை பிளாக் வாரியாகப் பிரிப்பார்கள், எங்களுக்குப் பத்தொன்பது. பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் என்பதால் கேங்கின் இங்கிலீஷ் இலாகா என் வசம் இருந்தது. இரண்டு அரியர் பாக்கி என்பதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு நாள் ஷெட் சுவரில் கான்ட்ராக்டர் ஆங்கில நோட்டீஸ் ஒட்டினார். மாதக் கடைசியில் ஆட்கள் ‘என் பிளாக்’ ரிலீவ் செய்யப்படுவார்கள் என்றிருந்தது. பிளாக்கின் கடைசியில் கே என்ற எழுத்தைக் காணோம். டைப் அடித்தவரைக் கிண்டல் செய்துவிட்டு, பேனாவால் நானே ஒரு கே போட்டேன்.

என்னோடு கத்தரி பிடிக்கும் அண்ணன், குறிஞ்சிப்பாடியிலிருந்து சைக்கிளில் வருபவர், பக்கத்தில் வந்து நின்றார்.

“என் பிளாக்குன்னா யாரு பிளாக்குப்பா? உன்துதா, என்துதா?”

அது ‘என்’ என்கிற ஆங்கில எழுத்து என்றேன். இங்கே எல்லாம் நம்பர்தானே, எழுத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நியாயமான கேள்வி. தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை. புதிதாக ஒரு பிளாக் வந்திருக்கிறது, நியூ என்பதற்குத்தான் அந்த எழுத்து, அங்கே போட்ட ஆட்களை மட்டும் நிறுத்துகிறார்கள் என்று அடித்துவிட்டேன்.

அவர் சும்மா கேட்கவில்லை. நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஆலை சீசன் வேலைக்கு அவருடைய மச்சான் இடம் பிடித்து வைத்திருந்தார். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

“அப்ப நமக்கு இங்கியே ஓடும்?”

“ஓடும்ணே.”

என் எதிரிலேயே மச்சானுக்குப் போன் போட்டு, வேண்டாம், வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றார்.

மாதக் கடைசியில் வேலை முடிந்தது என்று மேஸ்திரி எல்லோருடைய பாஸையும் திருப்பி வாங்கினார். எங்கள் பத்தொன்பது மட்டுமில்லை, எல்லா பிளாக்கும். அன்று சாயங்காலம்தான் அகராதியைப் பிரித்தேன். நோட்டீஸில் இருந்த ‘என் பிளாக்’ பிரெஞ்சுச் சொல்லாம். ஒட்டுமொத்தமாக, ஒருவர் மிச்சமில்லாமல் என்று அர்த்தம். கே கிடையாது. பாண்டிச்சேரி பஸ் தினமும் வந்து போகிற ஊரில் இருந்துகொண்டு, ஒரு பிரெஞ்சுச் சொல்லுக்கு நகரியத்தில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கியவன் நான்தான். அதற்குப் பிறகு அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. உறுப்பினர்கள் அப்படி ராஜினாமா செய்கிறார்கள். டாக்டர்கள் கட்டியை, சிதறாமல் அப்படியே முழுசாக எடுக்கிறார்கள்.

மறுநாள் கத்தரியை ஒப்படைக்க ஷெட்டுக்கு வந்த அண்ணனிடம் அர்த்தத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அன்னிக்கி நெஜமாவே அப்பிடித்தான் நெனச்சிகினு சொன்னியா, இல்ல எனக்கோசரம் ஆறுதலா சொன்னியா?”

“எனக்குத் தெரியலண்ணே. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

அவர் நோட்டீஸையும் நான் போட்ட கேயையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அவர் மச்சான் நம்பரை என் போனிலிருந்து ஒரு தரம் அடிக்கச் சொன்னார். அவருடைய போனை மச்சான் எடுப்பதில்லையாம்.

அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.