தறி நின்ற மத்தியானம்

நான் படிக்கப் போகாமல் வீட்டிலேயே இருந்திருந்தால், என் பையனுக்குக் காது கேட்கவில்லை என்பது முன்னாலேயே தெரிந்திருக்குமா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

போன சித்திரையில், அருப்புக்கோட்டையில்தான் இது நடந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். விடிந்தால் தடதடவென்று ஆரம்பித்துவிடும். பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். கணவருக்குப் பாளையம்பட்டியில் சின்னக் கடை. நான் தினமும் பஸ் ஏறி மதுரைக்குப் போய் எம்.எஸ்ஸி. படித்தேன். நிதியோடு சேர்ந்த கணிதம். பங்கு விலைகள் எப்படி ஏறி இறங்கும் என்று நிகழ்தகவை வைத்துக் கணக்குப் போட்டு, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். "அப்ப வார மாசம் பருத்தி என்ன வெல போகும், சொல்லு பாப்போம்" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

முதல் வருஷம் முடிந்ததும் பையன் பிறந்தான். ஒரு வருஷம் நின்றுவிட்டு மறுபடி சேர்ந்தேன். பகலில் என் மாமியார் பார்த்துக்கொண்டார். அத்தனை இரைச்சலிலும் அவன் அசையாமல் தூங்குவான். அக்கம்பக்கத்தார் என்னைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். நானும் நம்பினேன்.

கடைசிப் பருவப் பரீட்சைக்காக விடுமுறை விட்டிருந்தார்கள். மத்தியானம், இரண்டு வயசை நெருங்கியும் பேச்சு வராத பையனைப் பக்கத்தில் தூங்கப் போட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கரண்டு போனது. எல்லாத் தறியும் ஒன்றாக நின்றது.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டு. அது நின்றால் முழித்துக்கொள்ளும். வீட்டுக்கு வீடு அழுகை கேட்டது. எதிர்வீட்டு அக்கா தன் குழந்தையைத் தோளில் போட்டபடி வாசலுக்கு வந்தார்.

"கரண்டுக்காரன் புண்ணியத்துல ஊரே முழிச்சிருச்சு. ஏத்தா, ஒம்மவன் மட்டும் கும்பகர்ணனா?"

நானும் சிரித்தேன். பிறகு திரும்பி அவனைப் பார்த்தேன்.

விலை எவ்வளவு குறைவாக ஏறி இறங்குகிறதோ, அபாயமும் அவ்வளவு குறைவு என்று எங்கள் பாடத்தில் கணக்கு வைப்போம். தறி நின்றதுகூடத் தெரியாமல் படுத்திருந்த பிள்ளையைப் பார்த்தபோது, அசையாமல் இருப்பதே அபாயமோ என்று பட்டது. எழுந்துபோய் எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து வந்து, அவன் தலைமாட்டில் தரையில் போட்டேன்.

"என்னத்தப் போட்டு ஒடைக்கிற?" என்று உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த மாமியார் பதறி எழுந்தார். பையன் அசையவில்லை. கன்னத்தைத் தொட்டதும் கண் விழித்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும். ஒம்புருசனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். படிச்சுப் படிச்சு நீயா எதையாச்சும் நினைச்சுக்கிறாத" என்றார் மாமியார். சொல்லிவிட்டு, அவரே தாம்பாளத்தை எடுத்து அவன் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

மதுரை டாக்டர் பிறவியிலேயே கேட்கவில்லை என்றார். "இத்தனை மாசமா யாரும் கவனிக்கலையாம்மா?" என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார். தெருவில் சத்தம் அதிகம் என்றேன்.

இப்போது காதில் கருவி மாட்டியிருக்கிறோம். காலையில் மதுரையில் பேச்சுப் பயிற்சி. அதே நேரத்தில்தான் எனக்கு வகுப்பும். போன முறை பரீட்சை எழுத முடியாமல் போனதால், கடைசி ஆறு மாசப் பருவம் ஒன்று மட்டும் பாக்கி. இந்த முறை விட்டால் மறுபடி இடம் தர மாட்டார்களாம். "நீ முடிச்சிரு, கடையச் சாத்திட்டு நான் அவனக் கூட்டிட்டுப் போறேன்" என்கிறார் கணவர். ஆனால் அம்மா முகம் பார்த்துப் பேசிப் பேசித்தான் பிள்ளைக்குப் பேச்சு வரும் என்கிறார் பயிற்சி கொடுப்பவர். கடையைச் சாத்தினால் எதை வைத்துச் சாப்பிடுவது என்று மாமியார் கேட்கிறார். எல்லோரும் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது.

இன்றும் கரண்டு போனால் தெருப் பிள்ளைகள் அழுகிறார்கள். நான் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு என் பையன் முகத்தைப் பார்க்கிறேன். காது கேளாத பிள்ளையை வளர்த்த தாய்மார்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள்: இந்த ஒரு பருவத்தை நான் முடிக்கலாமா, அல்லது அதற்குள் அவனுக்குப் பேச்சு வரும் காலம் கடந்துவிடுமா?