கிராணியம்மாவின் புள்ளிச் செடி

செடியை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பவர்களும் உலகத்தில் உண்டு என்பதைப் பெரிய கிராணியார் வீட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் தோட்டம் மலாயாவில், குளுவாங்குக்குப் பக்கத்தில் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் மரம், அதைத் தாண்டினால் காடு. பச்சை எதுவும் வாசற்படி ஏறி வந்துவிடாமல் வெட்டித் தள்ளிக்கொண்டே இருப்பதுதான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வழக்கம். அப்படிப்பட்ட இடத்தில், தோட்ட ஆபீஸின் தலைமை எழுத்தரான கிராணியாரின் மனைவி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், தன் வீட்டு முன்னறையில் நீலப் பூப்போட்ட சீனச் சாடி ஒன்றில் ஒரு செடியை வைத்து, அதன் இலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். ஒவ்வோர் இலையும் முழங்கை நீளம். பச்சையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அதன் சரியான பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. புள்ளிச் செடி என்போம்.

அம்மா அந்த வீட்டில் பெருக்கித் துடைத்து, துணி துவைத்துக் கொடுத்து வந்தாள். அவள் பின்னாலேயே போய் நான் அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவேன். இன்றும் நான் அதிகம் மாறிவிடவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். கிராணியாரின் மகள் தினமும் மாட்டு வண்டியில் அங்கே போய் வந்தாள். அந்த வண்டி புறப்படும் சத்தம் கேட்டால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பார்ப்பேன்.

கிராணியம்மா தன் தங்கையின் கல்யாணத்துக்காக, மகளையும் அழைத்துக்கொண்டு மூன்று மாதம் ஊருக்குப் போகப் புறப்பட்டார். போகும்போது செடியை அம்மாவிடம் ஒப்படைத்தார். ஐயா வீட்டில்தானே இருக்கப் போகிறார், செடியும் இங்கேயே இருக்கட்டுமே என்று அம்மா இழுத்தாள்.

"அவரோ? அவர் சுருட்டுச் சாம்பல் தட்டுறதே அதுக்குள்ளதான்," என்றார் கிராணியம்மா.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிரட்டைத் தண்ணீர், நேர் வெயில் படக்கூடாது, வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நான் வாற வரைக்கும் கவனமாப் பார்த்துக்கொள், பிள்ளை. வந்த உடனே உன்னையும் வண்டியில பள்ளிக்கு அனுப்பச் சொல்லி அவரிட்டச் சொல்லுறன்."

அவர் அதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. செடி பிழைத்தால் நான் பட்டணத்துப் பள்ளிக்கூடம் போவேன். செத்தால் அப்பாவோடு ரப்பர் பால் வாளி தூக்க வேண்டியதுதான். என் மனத்தில் விஷயம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

எங்கள் வீடு ஒரே அறை. அதில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் செடிக்கு இடம் ஒதுக்கினோம். லயமே வந்து எட்டிப் பார்த்தது. "என்னா தங்கச்சி, செடிக்குப் பாய் விரிச்சாச்சா? தலகாணி வேணும்னா கேளு," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்து. அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் மாதம் நன்றாகப் போனது. இரண்டாவது மாதத்தில் அடி இலை ஒன்று மஞ்சளானது. பிறகு இன்னொன்று. பதினோரு இலைகள் ஒன்பதாகி, ஒன்பது ஏழாயின. தண்ணீர் ஊற்றினால் மண்ணில் நிற்காமல் அடித்துளை வழியாக அப்படியே ஓடி வந்தது. மத்தியானத்துக்குள் செடி துவண்டுவிடும். பார்க்கும் போதெல்லாம் நான் இன்னொரு சிரட்டை ஊற்றுவேன். சோற்றில் கை வைத்த பிறகும் எழுந்து போய் இலைகளை எண்ணுவேன். அப்பா கண்ணேறு என்றார். அம்மா கறுப்புக் கயிறு கட்டினாள். கயிறு கட்டியதற்கு மறுநாள் ஆறாயிற்று.

எங்களோடு தாய்மாமா ஒருவர் இருந்தார். அம்மாவுக்குத் தம்பி, கல்யாணமாகாதவர், ரப்பர் கன்று வளர்க்கும் நாற்று மேடையில் வேலை. ஒருநாள் அவர் சாடியைத் தூக்கி அடியைப் பார்த்தார். துளையிலிருந்து வேர்கள் வெளியே தொங்கின.

"இதுக்கு நோவும் இல்ல, கண்ணும் இல்ல. கால் நீட்ட எடம் இல்லாம கெடக்கு. எடத்த மாத்துனாப் போதும்லா," என்றார்.

அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அந்தம்மா தொட வேணாம்னாங்க. நீ கைய வைக்காத."

மூன்று நாள் நான் மாமாவை விடவில்லை. அவர் குளிக்கப் போனால் பின்னால் போனேன். அவர் வெற்றிலை போட்டால் எதிரே போய் நின்றேன். நான் வாய் திறந்து கேட்கவில்லை. சும்மா நின்றேன். "அலமாக், கங்காணிகூட இப்படி மொறைக்க மாட்டாரு," என்று கடைசியில் அவர் மலாய்க்காரர் போல அலுத்துக்கொண்டு எழுந்தார். வெளியே அடைமழை. மரம் சீவும் வேலை இல்லை. அப்பா மீன் பிடிக்கப் போயிருந்தார், அம்மா கிராணியாரின் துணி துவைக்கப் போயிருந்தாள். "நடுறதுக்கு இதவிட நல்ல நாளு இல்ல," என்றார் மாமா.

மரம் சீவும் கத்தியைச் சாடியின் உள்விளிம்பு ஓரமாக விட்டுச் சுற்றினார். சாடியைக் கவிழ்த்து, தண்டைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் தட்டினார். சாடி உடையாமல் செடி கழன்று வந்தது. மண் என்று சொல்ல ஒரு பிடிகூட இல்லை. சாடியின் அதே வடிவத்தில் வேர்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தபோது எனக்கே மூச்சு முட்டியது.

அதுவரை அவர் செய்தது எல்லாம் சரிதான். பிறகுதான் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. அந்த மழைக்காலம் முழுவதும் மாமா ரப்பர் கன்றுகளைக் கட்டையாக்கிக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து கன்றைப் பிடுங்குவார்கள், தலையை வெட்டுவார்கள், வேரையும் பாதி நறுக்குவார்கள். பார்ப்பதற்கு விறகுக் கட்டு மாதிரி இருக்கும். அதைப் புதுக் காட்டில், அதாவது புதிதாக வெட்டித் திருத்திய நிலத்தில், நட்டால் துளிர்த்துவிடும். எங்களுக்குத் தெரிந்த நடவு அது ஒன்றுதான். அதனால் நான் ஆறு என்று எண்ணி வைத்திருந்த இலைகளை மாமா ஒரே வீச்சில் தலையோடு சீவிக் கீழே போட்டபோது, நானும் அதை ஓர் அவசியமான காரியம் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். வேரையும் நறுக்கினார். மிஞ்சிய ஒரு சாண் கட்டையை, ஆணியால் துளை போட்ட மண்ணெண்ணெய்த் தகரத்தில் நட்டார்.

இன்று என் வீட்டில் ஏழெட்டுத் தொட்டிகள் இருக்கின்றன. பல செடிகளைக் கெடுத்துத்தான் இதைக் கற்றேன். வேர் துளைக்கு வெளியே வந்து, ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடினால் தொட்டி மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். புதுக் குருத்து தலை காட்டும் சமயம் பார்த்துச் செய்ய வேண்டும். முதல் நாளே நன்றாகத் தண்ணீர் விட்டுவைத்தால் செடி வேர் அறாமல் கழன்று வரும். புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு விரல் அகலம் கூட இருந்தால் போதும். மிகப் பெரிதாக இருந்தால் ஈரம் தேங்கி வேர் அழுகும். அடியில் ஓட்டுச் சில்லு, மேலே மக்கிய இலையும் மணலும் கொஞ்சம் கரியும் கலந்த மண், சுற்றிக்கொண்ட வேர்களை விரலால் மெல்லப் பிரித்துவிட்டு, முன்பிருந்த ஆழத்திலேயே நட வேண்டும். பிறகு பத்து நாள் நிழல். இலையை வெட்ட வேண்டியதே இல்லை.

அம்மா வந்தாள். தகரத்தைப் பார்த்தாள். கீழே கிடந்த இலைகளைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருபத்தோரு நாள்ல துளிரு வரும், அக்கா. வரலன்னா என்னயக் கேளு," என்றார் மாமா, செடியின் பால் பட்டு வீங்கிய கையைச் சொறிந்துகொண்டே.

"ஒன்னயக் கேட்டு என்னாடா பண்றது. அந்தம்மா என்னயத்தான கேப்பாங்க."

அன்று சாயங்காலம் நான் அந்த இலைகளில் பெரியதாக ஒன்றை எடுத்து, வாழை நாரால் கட்டையோடு சேர்த்துக் கட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் செடி மாதிரிதான் இருந்தது. காலையில் அது பழந்துணியாகத் தொங்கியது.

நாலாவது நாள், கிராணியம்மா கப்பல் ஏறிவிட்டதாகக் கிராணியாருக்குச் செய்தி வந்தது. இன்னும் இரண்டே வாரத்தில் வீடு வந்துவிடுவார். இருபத்தோரு நாளும் அந்த இரண்டு வாரமும் எப்படிக் கூட்டினாலும் ஒத்து வரவில்லை. கட்டைக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிய, ரப்பர் கன்றில் செய்வதுபோல நகத்தால் தோலைக் கீறிப் பார்க்கச் சொல்லியிருந்தார் மாமா. உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நான் காலையில் கீறினேன், பள்ளிக்கூடம் விட்டு வந்து கீறினேன், விளக்கு வைக்கும் நேரத்தில் கீறினேன். பச்சைதான். ஆனால் கீறுவதற்குத் தோல் மிஞ்சவில்லை.

கிராணியம்மா வந்த மறுநாள் காலை, அம்மா தகரத்தைத் தலையிலும் கழுவிய சாடியைக் கையிலுமாக எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் பின்னால் போனேன். கிராணியம்மா எனக்காக ஊரிலிருந்து கொண்டு வந்த பனங்கட்டியை ஓலைக் குட்டானோடு கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றார். தகரத்தைக் கண்டதும் கை கீழே இறங்கியது.

"இது என்ன?"

"செடிதாம்மா."

கிராணியம்மா குனிந்து கட்டையைப் பார்த்தார். என் நகக் கீறல்களை விரலால் தடவினார். "ஆர் இதை வெட்டினது?"

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. அம்மாவின் கை என் தோளை அழுத்தியது.

"நான்தாம்மா. ரப்பர் கன்னு மாதிரின்னு நெனச்சிட்டேன். பிள்ளைக்கு இதுல ஒன்னும் தெரியாது. அது அழுதுச்சு, நான்தான் கேக்கல."

நான் அழவேயில்லை. அம்மா இவ்வளவு சரளமாகப் பொய் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது.

"உன்னை நம்பித்தானே விட்டுட்டுப் போனனான்," என்றார் கிராணியம்மா. கோபமாகச் சொல்லவில்லை.  பிறகு பனங்கட்டியை என் கையில் வைத்தார். "பிள்ளை திங்கக்கிழமை தொடக்கம் வண்டியில வரட்டும். சொன்ன சொல்லை நான் மாத்த மாட்டன். நீ இனி வேலைக்கு வர வேண்டாம்."

முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது. திரும்பும் வழியெல்லாம் நான் ஓடினேன், நின்று அம்மாவைப் பார்த்தேன், மறுபடி ஓடினேன்.

இரண்டாவது வாரம் வண்டியில், கிராணியார் மகள் சொன்னாள். "அம்மாவின்ர செடியில மூண்டு குருத்து வந்திருக்கு. முந்தியவிட வடிவா வரும் எண்டு அம்மா சொன்னவ." அதை வெட்டியது என் மாமா, அவரை எழுப்பி விட்டது நான் என்று சொல்ல நினைத்தேன். பட்டணம் வரும்வரை நினைத்துக்கொண்டே இருந்தேன். மறுநாளும் நினைத்தேன். பிறகு அதைச் சொல்லும் நேரம் போய்விட்டது.

அம்மா புல் வெட்டும் கும்பலில் சேர்ந்துவிட்டாள். வீட்டு வேலையைவிட அது தேவலை, காற்றோட்டமாக இருக்கிறது என்றாள். நானும் அப்படித்தான் என்று எண்ணினேன். எங்கள் வண்டி புதுக் காட்டு ஓரமாகத்தான் போகும். அங்கே இளங்கன்றுகளுக்கு நிழலே கிடையாது. கும்பலில் மற்ற பெண்கள் உள்ளே, பழைய மரங்களை ஒட்டிய நிழலில் வெட்டிக்கொண்டிருப்பார்கள். அம்மா மட்டும் ரோட்டோரத்தில், முழு வெயிலில், வண்டி கடக்கும்வரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் கிராணியார் மகள் இருந்ததால் நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த நிரையில் வேலை நடந்தாலும் அம்மாவுக்கு அந்த ரோட்டோரம்தான். கும்பலை மேய்க்கும் கங்காணிக்கு அவள்மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.