இடது பக்கத்து வால்வு

லிப்ட்காரரின் மனைவிக்கு இடது காது போனது வியாதியால்தான். ஆனால் அவரைக் கேட்டால் வால்வால் போனது என்பார். அதிலும் பொய்யில்லை.

மாடிக் கட்டடங்களில் லிப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. முப்பது வருஷம் மோட்டார் அறை இரைச்சலுக்குள் நின்றவர். பழைய அலமாரிப் பலகை ஒன்றை அறுத்து, அதன்மேல் தாமே ஒரு ஆம்ப்ளிஃபையர் கட்டினார். வலது ஸ்பீக்கருக்குப் பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடி வால்வு இரண்டு, இடதுக்கு இரண்டு. சூடேறினால் நான்கும் அடுப்புத் தணல்போல் சிவக்கும். மனைவி அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

வால்வை மாற்றினால் பாட்டின் குணமே மாறும். பழைய ரேடியோக்களில் கழற்றியதையெல்லாம் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பார். தீர்ப்பு மட்டும் மனைவியுடையது.

“என் காது மோட்டார் ரூம்ல தேஞ்ச காது. நீ சொல்லு.”

எதிரே தையல் மெஷினில் இருந்து தலை நிமிராமலே, “இவனுக்கு மூக்கடைப்பு. பழையவனையே போடுங்க,” என்பாள். அதற்கு அப்பீல் கிடையாது.

ஒருநாள், “இடது பக்கம் சத்தம் கம்மியா இருக்கே,” என்றாள்.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழுது கண்டுபிடிப்பதுதானே தொழில்! இடது வால்வுகளை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிச் செருகினார். வால்வு கெட்டிருந்தால் குறையும் அதோடு பக்கம் மாற வேண்டும். மாறவில்லை.

“இன்னும் இடதுதாங்க.”

சாக்கெட்டை மாற்றினார். கம்பிகளைப் பிரித்து மறுபடி ஈயம் வைத்தார். ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றினார். கடைசியில் இடதுக்கு மட்டும் வலுவான வால்வாகத் தேடித் திரிந்தார். போட்ட புதிதில், “கொஞ்சம் தேவலை,” என்பாள். அடுத்த மாதமே, “மறுபடியும் போச்சு,” என்பாள். அவர் காதுக்கோ இடதுதான் ஓங்கிக் கேட்டது. தன் காதை அவர் என்றைக்கு நம்பினார்? எல்லாவற்றையும் இடம் மாற்றியவர், நாற்காலியில் இருந்த மனுஷியை ஒரே ஒரு தடவை திரும்பி உட்காரச் சொல்லியிருந்தால் போதும்.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் மத்தியானம் அவருடைய அக்கா வந்தாள். பெரியப்பா மகள்தான், ஆனால் கூடப் பிறந்தவளைவிட உரிமை அதிகம். மெஷினுக்கு இடது பக்கம் நின்று மூன்று தடவை கூப்பிட்டாள். பதில் இல்லை. தோளைத் தட்டினாள்.

“ஏண்டி, எம்மேல என்ன கோவம்?”

“அய்யோ அண்ணி! நீங்க எப்ப வந்தீங்க?”

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். “தம்பி, இவளுக்கு இந்தக் காது கேக்கல. அந்தப் பக்கத்துப் பெட்டி என் காதையே பிளக்குது, உனக்குத் தெரியலையா?”

கையில் இருந்த வால்வை அவர் மேசைமேல் வைத்தார்.

காது டாக்டர் கருவியெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, “ஆரம்பத்துலயே வந்திருந்தா இந்த வியாதியைக் கொஞ்சமாவது நிறுத்தியிருக்கலாம். இப்ப வலது காதையாவது பத்திரமாப் பாத்துக்குங்க,” என்றார்.

வெளியே வந்ததும் அக்கா பொரிந்து தள்ளினாள். “கண்ணை வித்துச் சித்திரம் வாங்குறதுன்னு கேட்டிருக்கேன். நீ காதை வித்துப் பாட்டு கேட்டவன்டா!”

அவர் வீட்டுக்கு வந்து, மனைவியிடம் தனியாகக் கேட்டார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

அவள் கோபப்படவில்லை. “சொல்லிட்டேதானே இருந்தேன், இடது பக்கம் கேக்கலைன்னு. நீங்க அந்தச் சக்களத்தியைப் பிரிச்சிட்டு இருந்தீங்க. நானும் அவளுக்குத்தான் சீக்குன்னு நெனச்சிட்டேன்.”

இன்றும் அவள் கேட்டால் பாட்டு போடுவார். வால்வை மட்டும் தொடுவதில்லை. தொட்டால், எது நன்றாயிருக்கிறது என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு அவருக்கு வாய் வருவதில்லை.