முகம் தெரியக் கூடாத படம்

போனில் சூரிய அஸ்தமனத்தைப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கும் அந்த மனிதரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், தெல்தோட்டையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேட்டில். கசங்காத வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் போன். கையை நீட்டி, மலைக்கும் சூரியனுக்கும் நடுவே எத்தனை விரல், மறைய இன்னும் எவ்வளவு நேரம் என்று அளந்துகொண்டே இருந்தார்.

கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களை மறித்து, வெறுங்கூடையைத் திரும்ப மாட்டச் சொல்லி, வரிசையாக நிற்கவைத்தார். அதில் என் அண்ணியும் ஒருவர்.

"ஸ்க்ரீன்ல சூரியனைத் தொடுங்க, வெளிச்சத்தைக் கொறைங்க" என்றார் தன்னிடம் படிக்க வந்தவர்களிடம். போனில் வானம் சிவந்தது. பெண்கள் கறுத்துப் போனார்கள்.

"மொகமே தெரியலையே, சேர்?" என்றேன்.

"தெரியக் கூடாது, தங்கச்சி. தெரிஞ்சா படம் கெட்டுப்போயிரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப கூடைய மட்டும் அடுக்கிவச்சி எடுங்களேன்!" என்று கத்தினேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. கையை நீட்டி அளந்தார். "இன்னும் ரெண்டு விரல் இருக்கு. அசையாம நில்லுங்கம்மா."

போகும்போது படத்தை என் போனுக்கும் அனுப்பினார். நல்ல அழகான படம். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

வீட்டில் அண்ணியின் மகள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல அம்மா எது, அத்தை?" என்றாள்.

அண்ணியும் குனிந்து தேடினார். அவருக்கும் தெரியவில்லை.