ஆட்டத்தின் நடுவே வந்த காற்று

உள்விளையாட்டரங்கத்தின் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் அந்த மனுஷருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. யாருக்கு வேண்டும் அது? வாட்ச்மேன் முதல் சங்கத்துச் செயலாளர் வரை எல்லாருக்கும் அவர் 'புழுக்கம்'. ஏசி போடுகிற ஆளுக்கு இப்படியொரு பெயரா என்று சிரிக்காதீர்கள். காற்று வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலையே.

இறகுப்பந்து இருக்கிறதே, அது பக்கத்தில் ஒருத்தர் தும்மினாலும் வழி மாறுகிற சாமான். அரங்கத்தில் லேசாகக் காற்று ஓடினால் போதும், ஒரு பக்கம் நிற்பவர் அடிப்பது கோட்டைத் தாண்டிப் போகும், எதிர்ப்பக்கம் நிற்பவர் அடிப்பது பாதியில் விழும். அதனால் ஆட்டம் நடக்கும்போது ஏசியை ஒரே அளவில் குறைத்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பார்க்க வந்தவர்கள் வேர்த்து ஒழுகட்டும். அவர்களா ஆடுகிறார்கள்?

வருஷா வருஷம் நடக்கிற இந்தப் பன்னாட்டுப் போட்டி எப்படி வளர்ந்தது என்று சங்கத்தில் கேட்டால் தலைவர்கள் படத்தைக் காட்டுவார்கள். புழுக்கத்திடம் கேட்டால் காற்றைத்தான் சொல்வார். முதல் வருஷம் இந்த அரங்கம் ஒரு பழைய கிடங்கு. எலக்ட்ரீஷியனுக்கு எடுபிடியாக வந்தவர், ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் சாக்குத் துணி அடைத்தார். நாலு நாட்டு ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். பார்க்க வந்த கூட்டம் அவர்களைவிடக் கம்மி. அப்புறம் டிவிக்காரர்கள் வந்தார்கள், அவர்களோடு விளக்குகள் வந்தன, அரங்கம் அடுப்பாகிவிட்டது. சரி என்று பெரிய ஆர்ப்பாட்டமாய் ஏசி வாங்கிப் போட்டார்கள். அந்த வருஷம் முதல் ஆட்டத்திலேயே பந்தெல்லாம் வடக்குப் பக்கமாக நடையைக் கட்டியது! வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் டிஷ்யூ தாளைக் கிழித்துத் தூக்கிப் பிடித்து, அது காற்றில் ஆடுவதைக் காட்டி, கன்னாபின்னாவென்று கத்திவிட்டுப் போனார்.

அந்த அவமானம் புழுக்கத்துக்கு உறைத்தது. அரங்கம் முழுக்க டிஷ்யூ தாளைத் தொங்கவிட்டார், ஏணியில் ஏறினார், இறங்கினார், ஒவ்வொரு ஏசிக் குழாய் வாயையும் திருகிப் பார்த்தார். தெற்குச் சுவர்க் குழாய்கள்தான் வில்லன் என்று கண்டுபிடித்தார். அளவு கொஞ்சம் கூடினாலும் தெற்குப் பக்கம் ஆடுபவரின் முதுகில் காற்று மோதும். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டால் ரெஃப்ரி வாயால் சொல்லாமல் அவர் ஏசியைத் தொடமாட்டார்.

இதில் மந்திரி வந்த வருஷம் ஒன்று உண்டு. இறுதி ஆட்டம். மந்திரியின் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஏசியைக் கூட்டச் சொல்லி உதவியாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ரெஃப்ரிகிட்ட கேட்டுட்டு வரேன் சார்" என்று இவர் நிதானமாக நடந்துபோய்க் கேட்டார். ரெஃப்ரி தலையாட்டி மறுத்தார். திரும்பி வந்து, "இல்லையாம் சார்" என்று உட்கார்ந்துகொண்டார். மந்திரி பரிசு கொடுக்கிற வரை அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார். அப்போது ஒட்டிய பெயர்தான் புழுக்கம். ஆளாளுக்குக் கேலி செய்தாலும், அவருக்கு உள்ளூர அதில் ஒரு பெருமை இருந்தது.

இவருக்கு ஒரு தங்கச்சி. 'சிட்டு' என்று கூப்பிடுவார். அம்மா போனபோது அவள் பால்பல் விழாத குழந்தை. வீட்டில் விட ஆள் இல்லாமல் தினமும் அரங்கத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆட்டக்காரர்கள் தூக்கியெறிந்த பிய்ந்த பந்துகளைப் பொறுக்கி, உடைந்த மட்டையால் ஏசி அறைச் சுவரில் அடித்து அடித்து வளர்ந்தவள் அவள். வீட்டிலும் அதே கதைதான். அவள் பந்தைத் தொட்டால் ஃபேன் நின்றுவிடும். "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் காத்தே வேணாம், நடுவுல நான்தான் வெந்து சாகறேன்" என்பாள் அவர் மனைவி. சொல்வாளே தவிர, ஃபேனைப் போடமாட்டாள். சிட்டு மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

இத்தனை வருஷத்தில் இந்தப் போட்டியில் உள்ளூர்க்காரர் யாரும் அரையிறுதிக்கே வந்ததில்லை. இந்த வருஷம் சிட்டு வந்துவிட்டாள்! ஜெயித்தால் இறுதி ஆட்டம். சிட்டுவுக்கு வயசும் ஏறிக்கொண்டிருந்தது, முழங்காலில் கட்டு. இதை விட்டால் இன்னொரு வருஷம் கிடைக்காது என்று அவளுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டில் சிட்டு பதினெட்டு, அந்த வெளிநாட்டுப் பெண் பதினாலு. இன்னும் மூன்றே புள்ளி. சிட்டு நின்றது தெற்குப் பக்கம். மாடியிலிருந்த ஏசி அறையின் சின்னக் கண்ணாடி வழியாகப் புழுக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து இன்டர்காம் அலறியது. செயலாளர்.

"யோவ், ஏசியைக் கூட்டு. ஸ்பான்சர் குடும்பத்தோட எழுந்து போறேங்கிறார்."

"மேட்ச் நடக்குது சார். ரெஃப்ரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேளேன், போய்க் கேளு. தங்கச்சி ஜெயிக்கணும்னு அண்ணன் ஏசியைப் பிடிச்சு வெச்சிருக்கான்னு இங்க ஏற்கெனவே பேச ஆரம்பிச்சுட்டாங்க. நீ கீழ போய் நின்னியானா நாளைக்கு அவ ஜெயிச்சதைக்கூட யாரும் நம்பமாட்டாங்க. உன் இஷ்டம்."

போனை வைத்துவிட்டான் மகாபாவி.

மந்திரிக்கே அசையாத மனுஷர் அங்கேயே ஆடிப்போனார். களத்தில் வேறு யார் ஆடியிருந்தாலும் கீழே போய் ரெஃப்ரியைக் கேட்டிருப்பார். அவர் கால் நகரவில்லை. தங்கச்சி மேல் ஒரு பழி விழுந்துவிடக் கூடாதே என்றுதான் நினைத்தார். அந்த நினைப்போடு கை குமிழைத் திருகிவிட்டது.

சிட்டு உயரத் தூக்கி அடித்தாள். எப்போதும் கோட்டுக்கு உள்ளே விழுகிற அடி, கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி வெளியே. அவள் மட்டையைப் பார்த்தாள், பந்தைப் பார்த்தாள். பயந்துபோய் மெதுவாகத் தட்டினாள், வலையில் மோதியது. எதிர்ப்பக்கத்துப் பெண்ணோ, எதிர்காற்றில் ஓங்கி ஓங்கி அடித்தாள், எல்லாம் உள்ளே விழுந்தன. புழுக்கம் குமிழைப் பழையபடி திருகினார். திருகி என்ன செய்ய? பெரிய அரங்கத்தில் கிளம்பின காற்று நினைத்த மாத்திரத்தில் நிற்குமா? கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, "ஐயோ, நின்னு தொலையேன்" என்று காற்றைக் கெஞ்சினார். அது நிற்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. பதினெட்டிலேயே நின்றுபோனாள் சிட்டு.

விஷயம் காதில் விழுந்ததும் ரெஃப்ரி நேராக ஏசி அறைக்கு வந்தார். "யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

பின்னாலேயே வந்த செயலாளர் முந்திக்கொண்டார். "நான் போடச் சொன்னேன்தான் சார். உங்களைக் கேட்டுட்டுத்தான் போடுவார்னு நெனச்சேன். வழக்கமா அப்படித்தானே!"

"மறுபடி ஆட விடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று ரெஃப்ரியின் கையைப் பிடித்துக்கொண்டார் புழுக்கம்.

"அப்பவே யாராவது சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். இப்ப முடிவுல கையெழுத்தாயிடுச்சுங்க. நான் என்ன பண்ணட்டும்?" ரெஃப்ரி நல்ல மனுஷர். உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுவிட்டுப் போய்விட்டார்.

பின்வாசல் நடையில் சிட்டு தன் பையின் மேல் உட்கார்ந்து முழங்கால் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் போய் நின்றார்.

"அண்ணா, காத்து வந்துச்சுல்ல?"

"வந்துச்சும்மா."

"மெஷின் கோளாறா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நான்தான் போட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுவாள், கத்துவாள் என்று பயந்தார்.

"மந்திரிக்கே போடலையே நீ."

"உன்னைத் தப்பாப் பேசிடுவாங்களோன்னு..."

"வேற யாராவது ஆடிட்டிருந்தா போட்டிருப்பியா?"

அவர் மெல்லத் தலையை ஆட்டினார், இல்லையென்று.

சிட்டு கட்டைச் சுருட்டிப் பையில் போட்டாள். எழுந்தபோது முழங்கால் மடங்கியது. அவர் தாங்கப் பிடிக்கப் போனார்.

"வேணாண்ணா. அண்ணன் தூக்கிவிட்டான்னு யாராவது சொல்லிடப் போறாங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள். நீட்டிய கையோடு அவர் அங்கேயே நின்றார்.